90 ஆயிரம் ரூபாவுக்குள் ஒரு பேஸ் கிற்றார்: எதைப் பார்த்து வாங்குவது?

மெரீன்_டிரைவ்_மாடி
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். இரண்டு வருடமாக வாசித்தது இரவல் கிற்றார். அதன் சொந்தக்காரர் குடும்பத்தோடு மெல்பேர்ன் போகிறார், கிற்றாரும் அவரோடு போகிறது. டிசம்பர் முழுக்க எங்களுக்குக் கரோல் ஒத்திகை. நவம்பர் முடியமுன் சொந்தமாக ஒன்று வேண்டும். கையில் இருப்பது சீட்டுக்காசு 90 ஆயிரம் ரூபா. கிற்றார், பை, கேபிள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

போன சனிக்கிழமை காலி வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் ஐந்து கம்பிதான் எடுக்க வேண்டும் என்றார். இன்னொருவர் அக்டிவ் இல்லாமல் வாங்கவே கூடாது என்றார். மூன்றாமவர் என் கையைப் பார்த்துவிட்டு ஒரு குட்டிக் கிற்றாரை எடுத்து நீட்டினார். என் கை சின்னதுதான். தடித்த ஈ கம்பியில் முதலாம் ஃப்ரெட்டை (விரல் வைக்கும் கட்டையில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) அடிக்கடி பிடிக்க வேண்டிய பாட்டு வந்தால், முடியும்போது மணிக்கட்டு நோகிறது. ஆனால் வாசித்துப் பழகியது பெரிய அளவில், அதை விடவும் மனமில்லை.

டொரொண்டோவில் இருக்கும் மாமா கிறிஸ்மஸுக்கு வருகிறார். அங்கே இருந்து ஒரு சின்ன அம்ப் கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார். அதற்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நாலுகம்பி
திங்கள், இரவு 10.05

எந்த மொடல் என்று பார்க்க முதல் ஒரு கேள்வி. உங்கள் பேஸின் சத்தம் எதற்குள்ளால் வெளியே வரப்போகிறது? தேவாலயத்தில் அம்ப் இருக்கிறதா?

மெரீன்_டிரைவ்_மாடி
திங்கள், இரவு 10.11

இல்லை. கேபிளை நேரே மிக்ஸரில் குத்துகிறோம். கிற்றாருக்கு உள்ள அம்பில் ஒருநாள் குத்திப் பார்த்தோம், உறுமியது, பயந்து கழற்றிவிட்டோம். வீட்டில் பக்கத்துக் கதவில் கைக்குழந்தை, அதனால் ஹெட்போன் மட்டும்தான்.

நாலுகம்பி
திங்கள், இரவு 10.38

கழற்றியது நல்லது. சாதாரண கிற்றார் அம்பின் ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த சத்தத்துக்குச் செய்யப்பட்டது இல்லை. நாலு கம்பி பேஸின் ஈ கம்பி 41 ஹேர்ட்ஸ். சத்தத்தைக் கூட்டி வைத்து அதை அடித்தால் ஸ்பீக்கர் கோன் கிழியலாம்.

இப்போதைக்கு உங்களுக்கு அம்ப் தேவையில்லை. சின்ன 15, 20 வாட் அம்ப் அறைக்குள் மட்டும்தான் கேட்கும், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் காணாமல் போய்விடும். ட்ரம்ஸோடு ஈடுகொடுக்க 100 வாட்டுக்கு மேல் வேண்டும், அது உங்கள் காசுக்குள் அடங்காது. அந்தக் காசில் ஒரு டிஐ பெட்டி வாங்குங்கள். உள்ளங்கை அளவான பெட்டிதான். பற்றரி இல்லாத பஸிவ் பேஸில் இருந்து வரும் சிக்னலை நேரே மிக்ஸரின் லைன் சொக்கற்றில் குத்தினால், மிக்ஸர் அதை அமுக்கிவிடும். சத்தம் மெலிந்து, மேல்பக்கம் மங்கிப் போகும். டிஐ பெட்டி நடுவில் நின்று அந்தச் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும். மைக் கேபிளால் எவ்வளவு தூரம் இழுத்தாலும் இரையாது. இரண்டு வருடமாக டிஐ இல்லாமல் வாசித்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் பேஸின் உண்மையான சத்தத்தை நீங்களே இன்னும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சோல்டர்_மணம்
செவ்வாய், காலை 6.50

மாமாவின் அம்ப் வேண்டாம் தங்கச்சி. கனடாவில் கரண்ட் 120 வோல்ட், எங்களுக்கு 230. வோல்ட் மாற்றும் வசதி இல்லாத அம்பை இங்கே நேரே குத்தினால் உள்ளே எரிந்துவிடும். ட்ரான்ஸ்போமர் வைத்துப் பாவிக்கலாம்தான், ஆனால் அதையும் வாங்கி, தூக்கித் திரிந்து, யாரோ ஒருநாள் மறந்து சுவரில் குத்தி... திருத்தும் மேசைக்கு அப்படி வந்தவை நிறையப் பார்த்திருக்கிறேன். மாமாவிடம் இரண்டு செற் கம்பியும் நல்ல கேபிள் ஒன்றும் கேளுங்கள். பாரமும் இல்லை, வோல்டும் இல்லை.

பழைய_மேடை
செவ்வாய், பிற்பகல் 1.15

பிள்ளை, நான் 30 வருடத்துக்கு மேல் கலியாண வீடுகளில் வாசித்தவன். பைலா தொடங்கி, பொண்ணு மாப்பிள்ளை மேடையேறும் பாட்டு வரைக்கும். மொடலைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் நெக்கை, அதாவது ஃப்ரெட் பதித்த நீளக் கட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் சரியில்லை என்றால் மாற்றலாம், சுவிட்சை மாற்றலாம், கம்பியை மாற்றலாம். நெக் முறுகிப் போன பேஸை ஒன்றும் செய்ய ஏலாது.

கடையிலோ, ஒருவர் வீட்டிலோ கிற்றாரைக் கையில் வாங்கியதும் வாசிக்கத் தொடங்காதே. தச்சன் பலகையை எடுத்துப் பார்ப்பானே, அப்படித் தூக்கி, உடலில் கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு கண்ணை வைத்து, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு தலைப் பக்கம் பார். இரண்டு ஓரமும் இரண்டு கோடாகத் தெரியும். அந்த இரண்டு கோடும் ஒரே மாதிரி ஓட வேண்டும். தடித்த ஈ கம்பிப் பக்கம் நேராகவும் மெல்லிய ஜி கம்பிப் பக்கம் சரிந்தும் போனால் நெக் முறுகியிருக்கிறது. அதை வைத்துவிட்டு வெளியே வா, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

இரண்டு கோடும் ஒரே அளவாக மெல்ல வளைந்திருந்தால் பயப்படாதே. அது இருக்க வேண்டிய வளைவுதான். ஈ கம்பியை முதலாம் ஃப்ரெட்டில் இடது கையாலும், கடைசி ஃப்ரெட்டில் வலது முழங்கையாலோ பக்கத்தில் நிற்பவரின் விரலாலோ அமத்திப் பிடி. இப்போது கம்பி ஒரு நேர்க்கோட்டு அடிமட்டம். ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் மெல்ல உரசிக்கொண்டு போனால் காணும். இரண்டு கார்ட் தாராளமாகப் போனால் வளைவு கூட. கம்பி ஃப்ரெட்டில் ஒட்டிக்கொண்டு இடைவெளியே இல்லை என்றால், நெக் பின்பக்கம் வளைந்திருக்கலாம். இரண்டையும் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ரொட்டால் திருத்தலாம், ஆனால் அந்த ரொட் திரும்ப வேண்டும். அதனால் அதன் மூடியைக் கழற்றி நட்டைப் பார். அலன் கீ போகும் ஓட்டை ஆறு மூலையும் கூராக இருக்கிறதா, உருண்டு போயிருக்கிறதா? உருண்டிருந்தால் யாரோ பலவந்தம் செய்திருக்கிறார்கள்.

பிறகுதான் வாசிப்பு. அம்பில் குத்தாமலே ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக அடித்துக்கொண்டு போ. நாலு கம்பி, இருபது இருபத்திரண்டு ஃப்ரெட், பத்து நிமிடம் பிடிக்கும். கடைக்காரர் அலுத்துக்கொள்வார், நீ அலுக்காதே. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி இரைந்தாலோ சத்தம் செத்துப் போனாலோ அதைத் தாளில் குறி. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியை அமத்தாமல் மெல்லத் தொட்டு ஹார்மொனிக் எடுத்துப் பார், பிறகு அதே இடத்தில் அமத்தி அடித்துப் பார், ரியூனரில் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். கொஞ்சம் விலகினால் பிரிட்ஜில் கம்பி தங்கும் சாடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். சாடில் கடைசி வரை போயும் விலகல் மிச்சம் இருந்தால் வேண்டாம்.

நீ இருப்பது மெரீன் டிரைவ் பக்கம் என்றால் இன்னொன்று. கடல் காற்றும் ஈரமும் கிற்றாரைச் சும்மா விடாது. மழை தொடங்கினால் நெக் அசையும், பிறகு வெயிலுக்கு இன்னொரு பக்கம் அசையும். வருடத்தில் இரண்டு தரமாவது ரொட்டில் கால் சுற்று திருப்ப வேண்டி வரும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதே, மரம் ஒரு இரவு படுத்து எழும்பட்டும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியை ஒவ்வொன்றாகத் துடை. மூன்று மாதத்தில் கறுத்துப் போகும் கம்பி ஒரு வருடம் வரும்.

கீபோர்ட்_பக்கம்
செவ்வாய், இரவு 8.30

நான் ஐந்து கம்பியின் பக்கம். தேவாலயத்தில் வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பாடுபவர்களுக்கு ஏற்றபடி சுருதியை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், பாதிப் பாட்டு ஈ ஃப்ளாட்டிலும் டி யிலும் வந்து நிற்கிறது. நாலு கம்பியில் ஈ க்குக் கீழே இறங்க வழியில்லை. பேஸ் ஒரு ஒக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே ஏறிப் போனால், பாட்டின் அடித்தளம் அந்த இடத்தில் காலியாகிவிடுகிறது. கீபோர்ட் இடது கையால் எவ்வளவு நிரப்பினாலும் கம்பியின் கனம் வராது.

நாலுகம்பி
செவ்வாய், இரவு 8.55

சொல்வது சரி, அந்தக் குறை உண்மையானது. ஆனால் 90 ஆயிரத்துக்குள் ஐந்து கம்பி தேடினால் கிடைப்பவற்றில் பி கம்பிதான் முதலில் ஏமாற்றும். அது 31 ஹேர்ட்ஸ். குறைந்த விலைக் கிற்றார்களில் அந்தக் கம்பி தளர்ந்து, அடித்ததும் சுருதி கூடி, பிறகு இறங்கி நிற்கும். உங்கள் தேவாலயத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கர் 31 ஹேர்ட்ஸைக் கொடுக்குமா? பெரும்பாலான சின்னப் பெட்டிகள் கொடுக்காது. நெக்கும் அகலம், அவருடைய மணிக்கட்டுக்கு அது இன்னொரு சுமை.

ஈ ஃப்ளாட்டும் டி யும் மட்டும்தான் பிரச்சினை என்றால், ஈ கம்பியை டி க்கு இறக்குங்கள். இரண்டு சுரமும் கிடைத்துவிடும். அந்தக் கம்பியில் மட்டும் விரல் இரண்டு ஃப்ரெட் மேலே போக வேண்டும், ஒரு கிழமையில் பழகிவிடும்.

கீபோர்ட்_பக்கம்
செவ்வாய், இரவு 9.10

கம்பியை இறக்குவது நல்ல யோசனை, எங்கள் பேஸ்காரரிடமும் சொல்கிறேன். காசு இருந்தால் ஐந்துதான் என்ற என் எண்ணம் மாறவில்லை.

மட்டக்குளி_அக்கா
புதன், காலை 10.20

தங்கச்சி, என் கையும் சின்னது. என்னையும் ஒரு கடையில் குட்டி பேஸுக்குப் போகச் சொன்னார்கள், வாங்கி ஒரு வருடம் வாசித்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கம்பி நீளம் ஸ்குவையர் புரொங்கோவில் 30 அங்குலம், இபனேஸ் மைக்ரோ அதையும் விடக் குட்டை, 28.6 அங்குலம். கம்பி தளர்வாக இருப்பதால் சத்தம் உருண்டையாக, மெத்தென்று வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

ஆனால் வித்தியாசத்தை அளந்து பாருங்கள். பெரிய அளவான 34 அங்குல பேஸில், தலைப் பக்கம் கம்பி தங்கும் நட்டில் இருந்து முதலாம் ஃப்ரெட் வரை 4.8 சென்ரிமீற்றர். 30 அங்குலத்தில் 4.3. ஒரு ஃப்ரெட்டுக்கு அரைச் சென்ரிமீற்றர். அந்த அரைச் சென்ரிமீற்றருக்காகப் பழகிய அளவை விடுவதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் மணிக்கட்டு நோவைப் போக்கியது கிற்றார் இல்லை, விரல். நான் நாலு விரலுக்கு நாலு ஃப்ரெட் என்று விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். டபுள் பேஸ் வாசிப்பவர்கள் கீழ்ப் பக்கத்தில் அப்படிப் பிடிப்பதில்லை. சுட்டுவிரல், நடுவிரல், சின்னவிரல், மூன்று ஃப்ரெட். மோதிரவிரல் சின்னவிரலுக்குத் துணையாக அதோடு சேர்ந்து இறங்கும். நாலாவது ஃப்ரெட் வேண்டும் என்றால் முழுக் கையையும் நகர்த்துவார்கள், விரிக்க மாட்டார்கள். பெருவிரலை நெக்கின் பின்னால் நடுவில் வையுங்கள், மேலே எட்டிப் பார்க்க விடாதீர்கள். பட்டியைச் சுருக்கி, இருந்து வாசிக்கும்போது கிற்றார் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் நிற்கும்போதும் வர விடுங்கள். தலைப் பக்கம் கொஞ்சம் மேலே ஏறட்டும். இரண்டு கிழமை இப்படிச் செய்து பார்த்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

பட்டி அகலமானதாக எடுங்கள். நாலு கிலோ பாரத்தை ஒரு மெல்லிய பட்டியில் ஒன்றரை மணி நேரம் தோளில் போட்டு நின்றால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

மெரீன்_டிரைவ்_மாடி
புதன், பிற்பகல் 12.45

அக்கா, மதிய இடைவேளையில் மேசை விளிம்பிலேயே விரலை வைத்துப் பார்த்தேன். நான் இவ்வளவு நாளும் விரித்துத்தான் பிடித்திருக்கிறேன்.

அக்டிவ், பஸிவ் பற்றியும் யாராவது சொல்லுங்கள். யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, இபனேஸ் ஜிஎஸ்ஆர் 200, பழைய ஸ்குவையர் பிரிசிஷன் ஒன்று, இந்த மூன்றுக்கு இடையில் நிற்கிறேன்.

சோல்டர்_மணம்
புதன், இரவு 7.30

அக்டிவ் என்றால் உள்ளே ஒரு சின்ன சர்க்கியூட்டும் 9 வோல்ட் பற்றரியும் இருக்கும். தாழ்ந்த சத்தம், கூர்ந்த சத்தம் இரண்டையும் கிற்றாரிலேயே கூட்டலாம், நீளமான கேபிளிலும் சத்தம் மங்காது. நல்லதுதான். ஆனால் கேபிளைக் குத்தினாலே பற்றரி வேலை செய்யத் தொடங்கிவிடும். வாசித்துவிட்டுக் கேபிளைக் கழற்றாமல் மூலையில் சாத்தி வைத்தால், அடுத்த ஞாயிறு பூசைக்குப் பற்றரி செத்திருக்கலாம். நீங்கள் சொன்ன மூன்றில் யமஹா 174 உம் பிரிசிஷனும் பஸிவ், ஜிஎஸ்ஆர் 200 இல் தாழ்ந்த சத்தத்தைக் கூட்டும் அக்டிவ் சர்க்கியூட் இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இரைச்சல். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹேர்ட்ஸ். ஆக, கரண்ட் இரைச்சல் உங்கள் சுரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். எர்த் சரியில்லாத பழைய கட்டடம், மேலே டிம்மர் லைட், மின்விசிறி என்று இருந்தால் தனிக் கொயில் பிக்கப் அதையெல்லாம் வாரி எடுத்துக்கொள்ளும். பிரிசிஷன் பேஸில் 1957 இல் இருந்து வரும் பிக்கப் இரண்டு துண்டாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றியவை, அதனால் கம்பியின் சத்தம் சேரும், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டு தனிக் கொயில் பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் மாதிரியில் இரண்டு வொலியூமையும் முழுக்கத் திறந்தால்தான் அது அழியும். யமஹா 174 இலும் ஜிஎஸ்ஆர் இலும் ஒரு பி (பிரிசிஷன் மாதிரிப் பிக்கப்), ஒரு ஜே (ஜாஸ் மாதிரிப் பிக்கப்). பி யை மட்டும் திறந்தால் அமைதி, ஜே யைக் கலக்கக் கலக்க இரைச்சல் எட்டிப் பார்க்கும்.

பழைய_மேடை
புதன், இரவு 9.00

பிரிசிஷனைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் கிற்றார் செய்த லியோ ஃபெண்டர் அதை 1951 இல் வெளியே விட்டார். அதற்கு முதல் பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ், ஃப்ரெட் கிடையாது. ஃப்ரெட் இருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது, அதனால்தான் அந்தப் பெயர். ஒரு வொலியூம், ஒரு ரோன், வேறொன்றும் இல்லை. அமெரிக்க பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் ஒன்றில் தட்டையான கம்பி போட்டு, ஒரே ஒரு சுட்டுவிரலால் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளை வாசித்தார். கம்பியும் அறுந்தால்தான் மாற்றுவாராம். தட்டைக் கம்பியை நீயும் யோசித்துப் பார். விலை கூட, ஆனால் நெடுநாள் வரும். விரல் வழுக்கும் சத்தம் மைக்கில் ஏறாது, பாடகர் குழுவுக்குப் பின்னால் அது பெரிய நிம்மதி.

வத்தளை_ரிதம்
வியாழன், காலை 8.15

பாவித்தது வாங்கும்போது கவனம். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்லைன் விளம்பரம் பார்த்து ஒன்று வாங்கினேன். படத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. இரவு எட்டு மணிக்குப் போனேன், மங்கல் லைட், வீட்டுக்காரர் தேத்தண்ணி தந்து அன்பாகக் கதைத்தார், நெக்கைப் பார்க்கக் கூச்சமாகப் போய்விட்டது. ஒரு மாதத்தில் பத்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் எல்லாமே இரைந்தது. திருத்தக் கொடுத்தால் ரொட் நட் உருண்டு போயிருக்கிறது என்றார்கள். பழைய_மேடை அண்ணன் சொன்னதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் 55 ஆயிரம் தப்பியிருக்கும்.

பகலில் போங்கள். தனியாகப் போகாதீர்கள். விசிட்டிங் கார்டும் ரியூனரும் கையில் இருக்கட்டும். தலையில் பெரிய பெயர் ஒட்டி, அரை விலைக்குத் தருகிறேன் என்றால் அந்தப் பெயரை நம்ப வேண்டாம்.

மெரீன்_டிரைவ்_மாடி
ஞாயிறு, இரவு 8.20

வாங்கிவிட்டேன்.

நேற்றுக் காலை கடையில் யமஹாவை வாசித்துப் பார்த்தேன். நெக் கையில் வைத்ததும் பிடித்தது, குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அதை எடுத்தால் டிஐ பெட்டிக்கும் பைக்கும் காசு மிஞ்சாது. பின்னேரம் மூன்று மணிக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு 100 ஆம் நம்பர் பஸ்ஸில் கல்கிசைக்குப் போனேன். பழைய ஸ்குவையர் பிரிசிஷன், சொந்தக்காரர் படிக்க வெளிநாடு போகிறார். 75 கேட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒன்றாகத்தான் ஓடின. தம்பி கடைசி ஃப்ரெட்டை அமத்தினான், கார்ட் இரண்டு போனது. ரொட் நட்டின் ஓட்டை கூராக இருந்தது. ஏ கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டில் மட்டும் ஒரு சின்ன இரைச்சல், வொலியூமைத் திருப்பும்போது கரகரப்பு. இரண்டையும் அவரிடமே காட்டிக் கேட்டேன், 68 ஆயிரத்துக்குத் தந்தார். பழைய பை ஒன்றும் சும்மா கொடுத்தார்.

இன்றைக்குப் பூசை முடிந்து, ஒலிபெருக்கி பார்க்கும் அண்ணாவிடம் இருந்த டிஐ பெட்டியைக் கேட்டு வாங்கி ஒருமுறை குத்திப் பார்த்தேன். வெறும் ஈ கம்பியை மட்டும் அடித்தேன். பின் வாங்குகளைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கையை வாங்கின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, பலகை அதிருது மகள் என்றார். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அங்கே பலகை அதிர்ந்ததில்லை.

மிச்சம் 22 ஆயிரம். டிஐ, பட்டி, ஒரு செற் கம்பி, கிற்றாரைச் சீர்படுத்தும் செற்றப் கூலி. கேபிளை மாமா கொண்டு வருகிறார்.

பழைய_மேடை
ஞாயிறு, இரவு 8.50

நல்ல சாமான் எடுத்திருக்கிறாய் பிள்ளை. ரொட்டைக் கால் சுற்று இறுக்கி, ஒரு இரவு விட்டு, பிறகு கார்டை வைத்துப் பார். அந்த ஐந்தாம் ஃப்ரெட் பிறகும் இரைந்தால், ஃப்ரெட் மரத்தில் இருந்து எழும்பியிருக்கிறதா என்று நகத்தால் தட்டிப் பார்க்கச் சொல். அதுவரை சாடிலைத் தொடாதே.

சோல்டர்_மணம்
ஞாயிறு, இரவு 9.05

கரகரப்புக்குப் புது வொலியூம் வாங்க வேண்டாம். கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, இருபது தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள்.

மெரீன்_டிரைவ்_மாடி
திங்கள், இரவு 9.15

நேற்று இரவே கால் சுற்று இறுக்கிவிட்டேன். இன்றைக்கு வேலையால் வந்ததும் பார்த்தேன், ஒரு கார்ட் உரசிக்கொண்டு போகிறது. ஏ கம்பி ஐந்தாம் ஃப்ரெட் சுத்தமாக இருக்கிறது. கரகரப்புக்கு நாளைக்குக் கிளீனர் வாங்குகிறேன்.

மாமா கேட்கிறார், கேபிள் 3 மீற்றர் காணுமா, 6 மீற்றரா?

நாலுகம்பி
திங்கள், இரவு 9.18

6. ஒரு முனை வளைந்ததாக எடுக்கச் சொல்லுங்கள், பட்டி பொத்தானுக்கு மேலால் சுற்றிக் குத்தினால் யாராவது மிதித்தாலும் கழராது.